புயல் போனால் கடல் காற்று சுத்தமாகிவிடுமா? வாசகர் கேள்வி பதில்

புயல் சீசன் தொடங்கினால் தபாலும் கூடிவிடுகிறது. இந்த இதழுக்கு வந்தவற்றில் கடலுக்கு மேலே இருக்கும் காற்றைப் பற்றிய கேள்விகளை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறேன். பிலிம்பி மரம் காய்க்கவில்லை என்று எழுதியவரும், பழைய பத்திரத்தில் தாத்தாவின் பெயரை பிரெஞ்சுக்கார குமாஸ்தா சிதைத்துவிட்டதைப் பற்றிக் கேட்டவரும் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: புயல் போன மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கிறது. காற்றில் இருந்த அழுக்கையெல்லாம் புயல் கழுவிக்கொண்டு போய்விட்டது என்கிறார் என் மாமனார். அப்படியானால் எங்கள் வீட்டு ஜன்னலில் வெள்ளையாகப் படிந்திருப்பது என்ன? முருங்கை இலை ஏன் ஓரமெல்லாம் கருகிக் கிடக்கிறது? (மொரீஷியஸின் மஹேபூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பாதி சரி என்று மாமனாரிடம் சொல்லுங்கள், வீட்டில் சண்டை வராது. மழை கழுவுவது உண்மைதான். தூசி, புகைக்கரி, நைட்ரிக் அமில ஆவி என்று தண்ணீரில் கரைவதும் துளியில் ஒட்டுவதும் கீழே வந்துவிடும். கரையாதது வராது. கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், நைட்ரிக் ஆக்சைடு, ஓசோன் இதெல்லாம் மழைக்கு அசைந்து கொடுக்காத கூட்டம். 1980 ஜனவரியில் ஹயாசிந்த் புயல் பக்கத்துத் தீவான ரீயூனியனை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது அங்கே கொமர்சன் எரிமலைவாய்ப் பகுதியில் 15 நாளில் 6,083 மில்லிமீட்டர் மழை கொட்டியது, உலகச் சாதனை அது. அந்த மழையிலும் கார்பன் மோனாக்சைடு நனையாமல்தான் போயிருக்கும்.

போகிறது என்றால் எங்கே? புயலின் பெரிய மேகங்கள் கடல்மட்டத்துக் காற்றை உறிஞ்சி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும். வீட்டைப் பெருக்கிக் குப்பையை மாடியில் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை இது. கீழே ஒரு நாள்கூடத் தாங்காத நைட்ரஜன் ஆக்சைடு (நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சேர்ந்த கூட்டம்), குளிர்ந்த அந்த உயரத்தில் பல நாள் தாங்கும், ஓசோனை உண்டாக்கிக்கொண்டே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். கார்பன் மோனாக்சைடின் ஆயுள் ஒன்றிரண்டு மாதம், அதற்குள் அது பாதி உலகத்தைச் சுற்றிவிடலாம். மேலே ஏறும் காற்றுக்கு ஈடாக மழையோடு குளிர்ந்த காற்று இறங்கும், அது உயரத்தில் இருந்த ஓசோனில் கொஞ்சத்தைக் கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஆக, வானம் நீலமாகிவிட்டது என்பதற்கு அழுக்கு ஒழிந்தது என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரிந்தது விழுந்துவிட்டது, தெரியாதது இடம் மாறிவிட்டது.

உங்கள் ஜன்னலில் இருப்பது உப்பு. அலை உடையும்போது காற்று குமிழிகளாக நீருக்குள் போகிறது. குமிழி மேலே வந்து வெடிக்கும்போது அதன் மெல்லிய மேல்தோல் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகச் சிதறும், குமிழி இருந்த பள்ளத்திலிருந்து சற்றுப் பெரிய துளிகள் சில மேலே தெறிக்கும், தண்ணீர் ஆவியானதும் உப்பு மட்டும் காற்றில் மிதக்கும். விஞ்ஞானிகள் வழக்கமாகப் போடும் கணக்குப்படி காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இந்த உப்புத் துகள் ஏறக்குறைய 10 மடங்காகிவிடும். புயல் நாளில் அதுவும் போதாமல் அலையின் உச்சியையே காற்று பிய்த்துக்கொண்டு வந்து கரையில் வீசும். கழுவுகிற அதே புயல்தான் உப்பையும் பூசுகிறது என்று மாமனாருக்குச் சொல்லலாம். முருங்கையில் கடலைப் பார்த்த பக்கத்து இலைகள்தான் அதிகம் கருகியிருக்கும், போய்ப் பாருங்கள். மழை விட்டபின் நல்ல தண்ணீரைப் பீய்ச்சிவிட்டால் மரம் தளிர்த்துக்கொள்ளும். காரின் அடிப்பக்கத்தையும் அப்படியே கழுவிவிடுங்கள், மரத்தைவிட அதற்குத்தான் அவசரம்.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து நடந்தபோது ஒரு முறை புயல் எச்சரிக்கை இருந்தது. காற்றே இல்லை, மூச்சு முட்டியது. புயலுக்கு முன்னால் ஆக்சிஜன் குறையுமா? (ரோஸ் ஹில்)

பதில்: குறையாது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஒன்றேதான், அழுத்தம்தான் இறங்கும். அதுவும் எவ்வளவு? கடல்மட்டத்தில் சாதாரணமாக 1,013 மில்லிபார். வலுவான ஒரு புயலின் மையம் நேராக உங்கள் தலைக்கு மேல் வந்து 950க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கியூர்பீப் சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வருஷம் முழுக்க ஏறக்குறைய அந்த அழுத்தம்தான். அங்குள்ளவர்கள் மூச்சு முட்டுகிறது என்று சொல்லவில்லை, மழை நிற்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள். புயல் தூரத்தில் இருக்கும்போதோ சில மில்லிபார் குறைவதே அதிகம்.

உங்களை வாட்டியது புழுக்கமும் வெயிலும். புயலின் நடுவே மேலேறும் காற்று வெளியே சுற்றுவட்டத்தில் மெதுவாகக் கீழே இறங்கும், இறங்கும்போது மேகத்தைக் கலைத்துவிடும், வழக்கமான தென்கிழக்குக் காற்றும் சில சமயம் படுத்துவிடும். வெயில், அசையாத காற்று, வண்டிப் புகை மூன்றும் சேர்ந்தால் ஓசோன் தரைமட்டத்தில் ஊறும். ஹாங்காங்கில் இது நன்றாகத் தெரிந்த விஷயம், அங்கே காற்று மோசமாகும் நாட்களில் பல, தொலைவில் ஒரு சூறாவளி வந்துகொண்டிருக்கும் நாட்கள். நம் ஊரில் புகை அவ்வளவு இல்லை என்றாலும் மலை வளைத்து நிற்கும் போர்ட் லூயிஸில் அப்படிப்பட்ட மதியத்தில் நின்று பார்த்தவர்களுக்குப் புரியும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதிரி நாளில் நடைப்பயணத்தை விடியற்காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன். செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பிறகு நிறைய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகின்றன, நம் பக்கத்துக் கடல்வழி பரபரப்பாகிவிட்டது. இப்போதைய கப்பல் எண்ணெய் சுத்தமானது, கவலை இல்லை என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். கப்பல் புகையால் மின்னல் கூடும் என்றும் யாரோ சொன்னார்கள். எது நம்பத்தக்கது? (போர்ட் லூயிஸ்)

பதில்: மின்னல் கதை நம்பத்தக்கது. ஆச்சரியமாக இருந்தாலும் கணக்கெடுத்துப் பார்த்த விஷயம். இலங்கைக்குத் தெற்கே தொடங்கி மலாக்கா நீரிணை வழியாகத் தென்சீனக் கடலுக்குப் போகும் கப்பல் பாதைக்கு நேர் மேலே, பக்கத்துக் கடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னல் வெட்டுகிறது என்று 2017இல் ஒரு ஆய்வு காட்டியது. வரைபடத்தில் மின்னலைப் புள்ளி புள்ளியாக வைத்தால் கப்பல் போகும் பாதை கோடாகத் தெரிகிறது. புகைத் துகள் ஒவ்வொன்றும் ஒரு நீர்த்துளிக்கு வித்தாகும். வித்து அதிகமானால் இருக்கிற ஈரம் எல்லாவற்றுக்கும் பங்கு போய்த் துளிகள் சிறிதாகிவிடும், சிறிய துளி சீக்கிரம் மழையாக விழாது, மேலே ஏறிப் பனிக்கட்டியாகும், பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று மோதினால் மின்னூட்டம் பிரியும். அப்புறம் 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைய வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதி வந்தது. அந்தப் பாதையில் கூடுதலாக வெட்டிக்கொண்டிருந்த மின்னல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. இதைவிடத் தெளிவாக ஒரு பரிசோதனையை யாரும் திட்டம் போட்டுக்கூடச் செய்திருக்க முடியாது. ஆனால் அங்கே வருஷம் முழுக்க இடிமேகம் எழும்புகிற கடல். நன்னம்பிக்கை முனை (கேப்) பக்கம் போகும் நம் பாதையில் அப்படி இல்லை, கப்பல் கூடியதால் இங்கேயும் மின்னல் இரட்டிப்பாகும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எண்ணெய் சுத்தம் என்பது கந்தகத்தைப் பொறுத்தவரை சரி. காற்றுக்குச் சுத்தமான எண்ணெய் கடலுக்குச் சுத்தமான எண்ணெய் அல்ல என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், 2020 ஜூலை 25 அன்று புவாந்த் தெஸ்னியில் பவளப்பாறையில் ஏறிய வகாஷியோ கப்பல் கொட்டிய சுமார் 1,000 டன்னும் அந்தப் புதிய ரகம்தான்.

உங்கள் நண்பர்கள் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு. அது எண்ணெயில் இருக்கும் கந்தகத்தால் வருவதில்லை. எஞ்சினுக்குள் வெப்பம் ஏறும்போது காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனுமே உடைந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. மின்னல் செய்வதும் இதே வேலைதான், அதன் பாதையில் வெப்பம் ஏறக்குறைய 30,000 டிகிரி. கந்தகத்தைக் குறைத்த விதி இதைத் தொடவில்லை. ஊருக்குள் ஆயிரம் வண்டி ஓடும் இடத்தில் இன்னொரு வண்டிப் புகை சேர்ந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, நடுக்கடலில் அப்படி இல்லை. ஏன் என்பதற்கு அடுத்த கேள்வி வசதியாக வந்து மாட்டியிருக்கிறது.

கேள்வி: சிறுவயதில் கடற்கரைக்குப் போனால் "நல்லா மூச்சு இழு, ஓசோன் உடம்புக்கு நல்லது" என்பார் அப்பா. இப்போது ஓசோன் நுரையீரலைக் கெடுக்கும் என்று படிக்கிறேன். கடல் காற்றில் ஓசோன் இருக்கிறதா இல்லையா? (தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, உங்கள் அப்பா சொன்னது அந்தக் காலத்து டாக்டர்கள் சொன்னது, அவர்மேல் குறையில்லை. கடற்கரையில் மூக்கில் ஏறும் அந்த வாசனையில் பெரும்பங்கு டைமெத்தில் சல்பைடு என்ற கந்தக வாயுவுக்கு, கடற்பாசியும் நுண்பாசியும் விடுவது அது. ஓசோனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் சுத்தமான கடல் காற்றில் ஓசோன் மிகக் குறைவு, ஏனென்றால் அங்கே வெயில் ஓசோனைத் தின்கிறது.

ஊருக்குள் வெயில் ஓசோனை உண்டாக்குகிறது, கடலில் அதே வெயில் அழிக்கிறது. உங்கள் நாட்டின் கேப் பாயிண்ட் நிலையத்தில், தென்கடலிலிருந்து நேராக வரும் காற்றை வருஷக்கணக்காக அளந்துகொண்டிருக்கும் இடம் அது, கோடையில் ஓசோன் குறைவாகவும் குளிர்காலத்தில் அதிகமாகவும் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். நடப்பது இது: புறஊதாக் கதிர் ஓசோனை உடைக்கிறது, உடைந்த ஆக்சிஜன் அணு பக்கத்தில் இருக்கும் நீராவியைப் பிடித்து ஹைட்ராக்சில் என்ற துடிப்பான துணுக்காக மாறுகிறது. இந்த ஹைட்ராக்சில் ஒரு நொடிகூட நிலைக்காது, ஆனால் உலகத்தின் மீத்தேனையும் கார்பன் மோனாக்சைடையும் எரித்துத் தீர்ப்பது பெரும்பாலும் இதுதான், வெயிலும் ஈரமும் நிறைந்த நம் வெப்பமண்டலக் கடல்தான் அது அதிகம் வேலை செய்யும் இடம். நைட்ரிக் ஆக்சைடு கிட்டத்தட்ட இல்லாத காற்றில் இந்தக் கணக்கின் முடிவு ஓசோன் நஷ்டம். லட்சம் கோடி மூலக்கூறில் ஒரு 10, 30 நைட்ரிக் ஆக்சைடு சேர்ந்துவிட்டால் போதும், கணக்கு திரும்பிவிடும், அதே வெயிலும் அதே வேதிவினைகளும் ஓசோனை உண்டாக்க ஆரம்பிக்கும். லட்சம் கோடியில் வெறும் பத்து முப்பது! போர்ட் லூயிஸ் நண்பர் கேட்ட கப்பலை இங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். அதன் புகைபோக்கியிலிருந்து வருவதில் கொஞ்சம் கலந்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடும். இடிமேகமும் அப்படித்தான், மின்னல் மேலே கொண்டுபோய் விடும் நைட்ரஜன் ஆக்சைடு, உலகம் முழுக்க ஆண்டுக்கு 20 லட்சம் முதல் 80 லட்சம் டன் நைட்ரஜன் என்று கணக்கு, வண்டி வாகனம் விடுவதைவிடக் குறைவுதான், விழுகிற இடம் சுத்தமான உயரம் என்பதால் அதன் கை ஓங்கிவிடுகிறது.

இதில் உப்பும் சும்மா இருப்பதில்லை. பகலில் நைட்ரிக் அமிலம் உப்புத் துகளில் பட்டால் சோடியம் நைட்ரேட் தங்கிவிடும், ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆவியாகப் போகும். இரவில் நடப்பது இன்னும் விநோதம். ஊர்ப் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடு ஓசோனோடு சேர்ந்து டைநைட்ரஜன் பென்டாக்சைடாகி, ஈரமான உப்புத் துகளின் மேல் உட்கார்ந்து, நைட்ரில் குளோரைடு என்ற வாயுவை விடும். விடியும் வரை அது காற்றில் பதுங்கியிருக்கும், முதல் வெயில் பட்டதும் குளோரின் அணுவாக உடையும், அந்தக் குளோரின் அன்றைய ஓசோன் வேலையை மற்றவர்களுக்கு முன்னாலேயே தொடங்கிவைத்துவிடும். 2006இல் டெக்சாஸ் கரையோரம் ஹூஸ்டன் பக்கத்தில் கப்பலிலிருந்து அளந்தபோதுதான் இது காகிதத்தில் மட்டும் இருக்கும் கதை இல்லை என்று உறுதியானது. பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையும் துறைமுகமும் உப்புக் காற்றும் கூடும் ஊர் என்றால் உங்கள் டர்பனும் அந்தச் சாதிதான்.

இதே கடல் ஓசோனை வேறு வழியிலும் விழுங்குகிறது. ஓசோன் நீர்ப்பரப்பில் படும்போது அங்கே கரைந்திருக்கும் அயோடைடோடு வினைபுரிந்து அயோடினைக் கிளப்பும், அந்த அயோடின் மறுபடி ஓசோனை அழிக்கும். கேப் வெர்டே தீவில் அளந்து 2008இல் வெளியிட்டபோது, கணினி மாதிரி சொன்னதைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதலாக ஓசோன் அழிந்துகொண்டிருந்தது, காரணம் அயோடினும் புரோமினும். இவ்வளவும் படித்தபிறகு கடற்கரையில் மூச்சு இழுக்கலாமா என்றால், தாராளமாக இழுங்கள், ஐயா. அப்பாவின் காரணம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

கேள்வி: எங்கள் தீவில் பெரிய தொழிற்சாலைகள் இல்லை. இருந்தும் செப்டம்பர், அக்டோபரில் கடல் விளிம்பு மங்கிப்போகிறதே? (சாந்த்ரே, ரீயூனியன்)

பதில்: அது ஆப்பிரிக்கப் புகை. தெற்கு ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் வறட்சிக் காலம் முடியும் நேரம், புல்வெளியும் காடும் எரியும், மேல்காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். சாம்பல் வழியில் பாதி விழுந்துவிடும், கார்பன் மோனாக்சைடும் ஓசோனும் விழாது. உங்கள் மைதோ மலையில் சுமார் 2,160 மீட்டர் உயரத்தில் 2012இலிருந்து ஒரு வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. தீவிலிருந்து ஓசோன் அளக்கும் பலூன்களும் விடுகிறார்கள், 1998இல் தொடங்கிய தென்கோள ஓசோன் பலூன் வலையமைப்பில் ரீயூனியனும் ஒரு நிலையம். அந்த அளவுகளில் நம் தலைக்கு மேலே உள்ள கீழ்வளி மண்டலத்து ஓசோன் உச்சத்துக்குப் போவது நீங்கள் சொன்ன அதே மாதங்களில்தான். எரிப்பு முழுக்காரணமும் இல்லை, அந்தக் காலத்தில் மேலே வேகமாக ஓடும் மேற்குக் காற்றின் ஓரத்தில், அதற்கும் மேலே இருக்கும் அடுக்குமண்டலத்து ஓசோன் நழுவிக் கீழே வருவதும் உண்டு.

வடக்கே கதை வேறு மாதிரி. 1999இல் மாலத்தீவை மையமாக வைத்து வளிமண்டல விஞ்ஞானிகள் ராமநாதனும் பால் குருட்சனும் நடத்திய இண்டோஎக்ஸ் ஆய்வில், ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியத் துணைக்கண்டத்துப் பழுப்புப் புகை பூமத்தியரேகை வரை கடலின் மேல் விரிந்திருப்பது தெரியவந்தது. அது நம்மிடம் வராமல் தடுப்பது நடுவே நிற்கும் இடிமேகப் பட்டை. நம்மைப் பயமுறுத்தும் புயல்களும் பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான் கருக்கொள்கின்றன.

கேள்வி: எரிமலைக் குழம்பு கடலில் விழும்போது எழும் வெள்ளைப் புகை வெறும் நீராவிதானே? (சாந்த் பிலிப், ரீயூனியன்)

பதில்: இல்லை, பக்கத்தில் போகாதீர்கள். கொதித்து வற்றும் கடல்நீரின் குளோரைடு உப்புகள் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலப் பனி உண்டாகும், கூடவே நுண்ணிய கண்ணாடித் துணுக்கும் பறக்கும். 2007 ஏப்ரலில் உங்கள் ஃபுர்னேஸ் எரிமலையின் குழம்பு கடலுக்கு இறங்கியபோது எழுந்ததும் அதுதான்.

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் கையால் செய்துகாட்ட வழி உண்டா, செலவில்லாமல்? (ஃபிளாக்)

பதில்: உண்டு. மழை வரும் நேரம் பார்த்துத் திறந்தவெளியில், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், அகலமான பிளாஸ்டிக் பாத்திரம் வைத்து மழைநீர் பிடிக்கச் சொல்லுங்கள். முதல் கால் மணி நேர மழை தனி, அதற்குப் பிறகு பெய்தது தனி. ஒவ்வொன்றிலும் சில துளி சில்வர் நைட்ரேட் கரைசல் விட்டால் உப்பு இருக்கும் நீர் பால் கலந்ததாக வெளுக்கும். முதல் மழை அதிகம் வெளுப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள், மழை காற்றைக் கழுவுவதை அதைவிட நேராகக் காட்ட முடியாது. கியூர்பீப் பக்கம் சொந்தக்காரர் இருக்கும் பிள்ளை ஒன்று கடலிலிருந்து தள்ளியிருக்கும் அங்கிருந்தும் ஒரு புட்டி கொண்டுவரட்டும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். பி.எச். தாளும் வைத்துக்கொள்ளுங்கள், மாசே இல்லாத மழையும் கார்பன் டை ஆக்சைடு கரைவதால் 5.6 பக்கம்தான் இருக்கும், அதைப் பார்த்து அமில மழை என்று யாரும் பதற வேண்டாம். பாத்திரத்தைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலிருக்கும் குளோரைடே சோதனையைக் கெடுத்துவிடும், காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கறுத்துவிடும், எத்தனை சோப்பு போட்டாலும் சில நாளைக்குப் போகாது, கையுறை இல்லாமல் தொட விடாதீர்கள்.